என்ரை வண்டியையும் கீறுங்கோ

என் கதிரைக்கு நேரெதிரே அந்தப் படத்தை மாட்டினார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவர் மகளுடையதும் மருமகனுடையதும்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பகல் முழுக்க அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். இந்த வெளிநாட்டில், ரோவில் என்கிற ஊரில் எங்கள் தெருவில் காலையில் எல்லாரும் காரில் ஏறிப் போனபிறகு ஆள் நடமாட்டமே இருக்காது. பிறகு நான், ரீவி, சுவர்.

கதிரையைப் பற்றியும் சொல்லவேண்டும். அது நான் தெருவில் இருந்து எடுத்து வந்தது. இங்கே வருஷத்தில் ஒருதரம் வேண்டாத சாமான்களை வாசலுக்கு முன்னால் போடுவார்கள், கவுன்சில் லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும். லொறிக்கு முந்தி நான் போய்விட்டேன். நல்ல அகலமான கதிரை, கை வைக்கிற இடத்தில் மட்டும் துணி கிழிந்திருந்தது. மகளுக்கு வெட்கம். "அப்பா, பக்கத்து வீட்டுக்காரர் கண்டால் என்ன நினைப்பினம்?" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கித் தந்தவர். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அந்தக் கதிரையில்தான் சம்பந்தி வந்த அன்றே ஏறி இருந்தார்.

மருமகனின் தகப்பன். சென்னை ஆள். கோடை முடியும்வரை மகனோடு இருக்க வந்தவர். அந்தக் காலத்தில் ஒரு வாரப் பத்திரிகைக்குப் படம் போட்டவர். எங்கள் நாட்டில் சண்டை நடந்தபோது கடலால் வந்து, போர்முனைக்குப் பக்கத்தில் இருந்து படம் கீறிக்கொண்டு போனவர். மருமகன் ஆட்களுக்கு அறிமுகம் செய்யும்போது "எங்கப்பா வார் ஆர்டிஸ்ட்" என்பார். நாங்கள் சண்டைக்குள்ளே கிடந்தோம், எங்களுக்கு ஒரு பட்டமும் இல்லை. வந்து பார்த்துவிட்டுப் போனவருக்குப் பட்டம்.

அவர் போட்டவற்றில் மிஞ்சியது இந்தப் படம் ஒன்றுதானாம். மற்றதெல்லாம் வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது போய்விட்டதாம். "வாட்டர்கலர் தண்ணியில பொறந்தது, தண்ணியிலயே போயிடுச்சு" என்று சொல்லி அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மிஞ்சியதை சேர்ட்டுகளுக்கு நடுவில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். மருமகன் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

மூன்று வாகனங்கள். ஹூட் இல்லாத ஒரு ஜீப், பெட்டி கொளுவிய ஒரு உழவு மெஷின், ஒரு லொறி. மூன்றுக்கும் சேறு பூசி, மேலே ஓலை போட்டு மறைத்திருந்தது. ஆகாயத்தில் இருந்து பார்ப்பவனுக்குத் தெரியாமல் இருக்க அப்படிச் செய்வது. பின்னால் இரண்டு மூன்று பனை, அதற்குப் பின்னால் வெள்ளைப் புழுதி. அடியில் அவருடைய கையெழுத்தில் "போர்முனை வண்டிகள்" என்று எழுதியிருந்தது.

அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, மகள் சமைத்துக்கொண்டு நின்ற குசினிக்குள் போய்ச் சிரித்தேன். சென்னையில் வண்டி என்றால் கார், லொறி, சைக்கிள் எல்லாம்தானாம். எங்கள் பக்கத்தில் மாடு இழுப்பது வண்டில். வண்டி என்றால் தொந்தி. நன்றாகச் சாப்பிட்டு முன்னுக்குத் தள்ளினால் "ஆளுக்கு வண்டி வைச்சிட்டுது" என்போம்.

"போர்முனையிலை தொந்தியைத் தள்ளிக்கொண்டு நிண்டவையாம்" என்று மகளிடம் சொன்னேன்.

"அப்பா, மாமாவுக்குக் கேட்கப் போகுது. மெல்லமாக் கதையுங்கோ."

"கேட்டாலும் அந்தாளுக்கு விளங்காது."

விளங்கப்படுத்த எனக்கு விருப்பமும் இருக்கவில்லை. தன் படத்துக்குத் தானே தொந்தி என்று பேர் வைத்துக்கொண்டு இருக்கட்டும் என்று விட்டேன்.

திரும்பி வந்து ஒன்று மட்டும் கேட்டேன், அதுவும் குத்தலாகத்தான். "இதை நிண்டுகொண்டு கீறினீங்களோ, இருந்துகொண்டு கீறினீங்களோ?"

அவர் தொடையில் தட்டினார். "கீறினீங்களோ! இந்த வார்த்தைய வச்சு அங்க ஒரு கூத்து நடந்துது சம்பந்தி. சொல்றேன் கேளுங்க."

சென்னையில் கீறுவது என்றால் கத்தியால், நகத்தால் கீறுவது மட்டும்தான். எங்களுக்குப் படம் போடுவதும் கீறுவதுதான். அது எனக்கும் தெரியும். இவர் சொல்லிச் சிரிக்க, நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா?

"கதை வேண்டாம். எனக்கு மருந்து குடிக்கிற நேரம்" என்று எழும்பிப் போய்விட்டேன்.

அன்று அந்தக் கதையைக் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

அதன்பிறகு வீட்டில் எல்லாவற்றுக்கும் இழுபறி. நான் வெறும் தேத்தண்ணி குடிப்பவன், அவருக்குப் பால் காய்ச்சின டீ வேண்டும், அடுப்பில் பொங்கி ஊற்றிவிட்டு அப்படியே விட்டுவிடுவார். நான் கிரிக்கெட் போட்டால் அவர் பட்டிமன்றம் போடுவார். நான் குப்பை வாளியைத் தெருவுக்கு இழுத்துப் போனால் பின்னால் வந்து "மூடி எந்தப் பக்கம் பாக்கணும்னு கவுன்சில்ல சொல்லியிருக்கான்" என்று எனக்குச் சட்டம் படிப்பிப்பார். வந்து ஒரு மாதம் ஆகாத மனிசன். ஒருநாள் என்னிடம், "உங்க தமிழ் சுத்தமான தமிழ்ங்க, ஆனா பாதி புரிய மாட்டேங்குது" என்றார். புகழ்ந்தாராம்.

கதிரையில் அவர் இருக்கும்போது நான் சாப்பாட்டு மேசையில் போய் இருப்பேன். அவர் குளிக்கப் போனதும் ஓடிவந்து பிடித்துக்கொள்வேன். அப்படி ஒருநாள் வந்து இருந்தபோதுதான் அந்த லொறியின் முகத்தைப் பார்த்தேன்.

ஒரு கண் பெரிது, ஒரு கண் சின்னது.

லொறி ஓட்டினவனுக்குத் தன் லொறியின் முகம் தெரியும். என் லொறியின் இடது பக்க லைட் உடைந்தபோது அந்த அளவில் ஒன்று எங்கேயும் கிடைக்கவில்லை. சண்டையால் பாதை பூட்டியிருந்த காலம், குளிக்கச் சவர்க்காரமே கிடைக்காது. என் தம்பி எங்கேயோ உழவு மெஷின் ஒன்றில் இருந்து சின்ன லைட் ஒன்றைக் கழற்றி வந்து, தகரம் வெட்டி வளையம் செய்து, அதற்குள் பொருத்தினான். அதற்குப் பிறகு லொறி எங்கே போனாலும் ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிற மாதிரி இருக்கும். சந்தியில் நிற்பவர்கள் "கண்ணடிக்கிற லொறி வருது" என்பார்கள். பெரிய கண், சின்னக் கண், சின்னதைச் சுற்றி அந்தத் தகர வளையம்கூட ஒரு மெல்லிய கோடாகப் படத்தில் இருந்தது. அந்த மனிசனுக்குக் கை நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

அது சண்டைக்கென்று செய்த லொறி இல்லை. நெல் ஏற்றின லொறி. எனக்குக் காய்ச்சல் என்று தம்பி நெல் ஏற்றப் போன நாளில், வழியில் மறித்து, ஒரு ஓட்டம் ஓடித் தா என்று கேட்டிருக்கிறார்கள். யார் கேட்டார்கள் என்று இப்போது எழுதி என்ன பிரயோசனம்? அந்தக் காலத்தில் கேட்டால் கொடுப்பதுதான். ஒரு ஓட்டம் என்றது பல ஓட்டமானது. இரண்டு தரம் ஆள் மூலம் சுகம் சொல்லிவிட்டான். பிறகு அதுவும் இல்லை. லொறியும் இல்லை, அவனும் இல்லை.

அவன் பசி தாங்காதவன். சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். சோறு இறக்குமுன்னே சாப்பாட்டுக் கோப்பையோடு வந்து இருப்பான். போனவன் எங்கே என்று தெரியாமல் தவிக்கிற நேரத்திலும் எனக்கு வந்த யோசனை அதுதான்: அங்கே இவனுக்கு யார் சோறு போடுகிறார்கள்? அந்தப் பக்கம் இருந்து வந்தவர்கள் பச்சைத் தண்ணியும் பிஸ்கட்டும்தான் என்று சொன்னார்கள். காய்ந்துபோய்க் கிடந்து செத்திருப்பான் என்று நினைத்தே எனக்கு வயதாகிவிட்டது.

அவனுடைய போட்டோ ஒன்றும் இல்லை. இருந்த ஒன்றிரண்டும் இடம்பெயரும்போது போய்விட்டன. மகள் அவன் போனபிறகு பிறந்தவள். அவனுடைய முகம் என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது, அதுவும் வரவர மங்கிக்கொண்டு போனது. கனவில் வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான்.

ஆகவே படத்துக்குள்ளே தேடத் தொடங்கினேன். மருந்துப் போத்தலை வாசிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, ஸ்டூல் வைத்து ஏறி, அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஜீப்புக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தான், ஒல்லி. உழவு மெஷினின் பெட்டியில் ஒரு ஆள் படுத்திருந்தான், கால் மட்டும் தெரிந்தது. லொறிக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. சாரதி இருக்கிற இடம் கறுப்பாக இருந்தது. லொறி நிற்கிற இடத்தில் தம்பி நிற்பான், அவன் அதை விட்டு அசையமாட்டான். எங்கே போனான்?

"என்ன சம்பந்தி, நம்ம படத்துல அப்படி என்ன ஆராய்ச்சி?" குளித்துவிட்டுத் துவாயோடு வந்து நின்றார்.

"கண்ணாடியிலை தூசி" என்று சொல்லிச் சேர்ட்டால் துடைத்துவிட்டு இறங்கினேன்.

கேட்டிருக்கலாம். அவரிடம் போய் ஒன்றைக் கேட்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை எல்லாருமாக மலையடியில் த பேசின் என்கிற இடத்தில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். வெயில் கொளுத்தியது, இலையான் பறந்து வந்து மூக்குக்குள் போகப் பார்த்தது. பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது, கோப்பையைப் பிடித்துக்கொண்டு சம்பந்தி அறிமுகம் இல்லாத நாலைந்து பேரைச் சேர்த்துவிட்டார். பாதி அவருடைய ஊர்ப்பக்கத்துப் பெடியள், பாதி எங்கள் பெடியள். நான் அவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். விலகிப் போகவும் முடியாது, வரிசை.

"சண்டை நடக்கிற எடத்துல உக்காந்து படம் போட்டுட்டு இருக்கேன்" என்று தொடங்கினார். "ஒரு டிரைவர் வர்றான். முதல்ல தொப்பை வருது, பின்னாடி ஆள் வர்றான். 'என்ன ஐயா, லொறியைக் கீறுறியளோ?'ங்கிறான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. 'ஐயோ, நான் கீறலைங்க, கிட்டயே போகலைங்க'ன்னேன். கையில பிரஷ் வேற. அப்புறம் பக்கத்துல இருந்த பையன் சொன்னான், கீறுறதுன்னா வரையுறதாம்!"

எங்கள் பெடியள் விழுந்து சிரித்தார்கள். அவருக்கு உற்சாகம் ஏறிவிட்டது.

"இருங்க, இனிமேதான் இருக்கு. அவன் தொப்பைய இப்பிடித் தட்டிக்கிட்டு," கோப்பையை இடது கைக்கு மாற்றி, வலது கையால் தன் வயிற்றில் மேளம் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டினார், "'கீறுங்கோ, கீறுங்கோ. என்ரை வண்டியையும் வடிவாக் கீறுங்கோ'ங்கிறான். சரின்னு அவன் வண்டிய மத்த ரெண்டையும் விடப் பெருசா, முன்னாடி போட்டேன். குடிக்கிற தண்ணி தீந்து போய் அவன் கேன் தண்ணியிலதான் கலரே கரைச்சேன். முடிச்சதும் எட்டிப் பாத்தான். 'எங்கை என்ரை வண்டி?'ங்கிறான். 'இதோ, இதுதான் உங்க வண்டி'ன்னு லாரியக் காட்டினேன். மூஞ்சி தொங்கிப் போச்சு, போயிட்டான். சொந்த லாரியவே அடையாளம் தெரியல அவனுக்கு! என் கலைக்குக் கெடச்ச முதல் விமர்சனம்!"

அவருடைய ஊர்ப் பெடியள் சிரித்தார்கள். எங்கள் பெடியள் இந்தமுறை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வயிற்றில் அந்த இரண்டு தட்டு. சாப்பிட்டு எழும்பினால் தம்பி அப்படித்தான் தட்டுவான். அம்மா பேசுவா, "என்னடா, தவிலோ?" என்று.

சாப்பிடாமல் காரில் போய் இருந்தேன். எல்லாரும் வந்து ஏறி, கார் மலையடி வளைவுகளைத் தாண்டியது. பிறகு முன்சீற்றில் இருந்தபடியே, திரும்பிப் பார்க்காமல் கேட்டேன்.

"சம்பந்தி, அந்தச் சாரதி ஆரெண்டு தெரியுமோ?"

"பேரெல்லாம் கேக்கலீங்க."

"என்ரை தம்பி."

மருமகனின் கால் பிரேக்கில் போனது. பின்னால் வந்தவன் ஹோன் அடித்தான்.

"என்னப்பா சொல்லுறியள்?" என்றாள் மகள்.

"அது என்ரை லொறி. அவன் என்ரை தம்பி. அவன் லொறியைச் சொல்லேல்லை. எங்கடை பக்கம் வண்டி எண்டால் தொந்தி. தன்னைக் கீறச் சொன்னவன். கீறி முடிய வந்து தன்னைத்தான் தேடினவன். இவர் லொறியைக் காட்டினவராம்!"

சம்பந்தி மன்னிப்புக் கேட்பார் என்று மருமகன் எதிர்பார்த்திருப்பார். நானும்தான்.

"அதுக்கு நான் என்னங்க பண்ண முடியும்?" என்றார் அவர். "அவர் தமிழ்ல சொல்லியிருக்கணும்."

"தமிழிலைதான் சொன்னவன்."

"அப்பா, ப்ளீஸ்" என்றார் மருமகன். எந்த அப்பாவுக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் படத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். "இப்ப கீறுங்கோ. லொறிக்குப் பக்கத்திலை இடம் கிடக்கு."

"வாட்டர்கலர்ல ஒருதரம் காஞ்சா காஞ்சதுதாங்க. மேல கை வச்சா சேறாயிடும். என்கிட்ட மிச்சம் இருக்கறது இது ஒண்ணு."

"எனக்கு அவன்ரை படம் ஒண்டும் இல்லை."

அவர் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எனக்கு முகம் ஞாபகம் இல்லைங்க."

"இவ்வளவு காலமாக் கதை சொல்லிச் சிரிக்கிறியள். முகம் ஞாபகம் இல்லையோ?"

"கதைதான் ஞாபகம் இருக்கு. சரி, நீங்க சொல்லுங்க, வேற தாள்ல போடறேன். மூக்கு எப்பிடி இருக்கும்?"

நான் வாயைத் திறந்தேன். மூக்கு என்று ஒன்று இருந்தது. சின்னதும் இல்லை, பெரிதும் இல்லை. காது, கன்னம், எதைச் சொன்னாலும் அது யாருக்கும் பொருந்தும். "என்னைப்போலதான்" என்றேன்.

"அப்ப உங்க மூஞ்சியப் போடவா?"

"தேவையில்லை" என்றேன். சத்தமாகவே சொல்லியிருக்கிறேன், மகள் குசினியில் இருந்து ஓடிவந்தாள்.

அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு கிழவர்கள், மகள்தான் தபால்காரி. "மாமா ரீவி சத்தத்தைக் குறைக்கட்டாம்." "அப்பா பாத்ரூமிலை இருந்து வரட்டாம்." படம் சுவரில் இல்லை. அவர் அதைத் தன் அறைக்குள் கொண்டுபோய்விட்டார். ஆணி மட்டும் நின்றது. நான் அந்த ஆணியையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகன் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, மகள் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, "உங்களாலை எனக்கும் அவருக்கும் சண்டை" என்று அழுதாள். அவளுக்காகக்கூட நான் இறங்கிப் போகவில்லை.

அவர் போகிற நாள் காலையில் எழும்பி வந்தால் படம் பழைய இடத்தில் இருந்தது.

லொறிக்குப் பின்னால் இருந்து, சின்னக் கண் இருந்த பக்கமாக, ஒரு தொந்தி எட்டிப் பார்த்தது. ஆள் இல்லை. முகம், நெஞ்சு எல்லாம் லொறிக்கு மறுபக்கம். மண்ணிறத்தில் ஒரு வயிறு, அதற்குக் கீழே சாரத்தின் முடிச்சு, வயிற்றின்மேல் ஒரு கை. அவர் சொன்ன மாதிரியே சேறாகித்தான் இருந்தது. மட்காட்டின் நிறம் கரைந்து வயிற்றுக்குள் இறங்கியிருந்தது, வெள்ளைப் புழுதி அந்த இடத்தில் அழுக்கு. சின்னக் கண்ணைச் சுற்றியிருந்த தகர வளையமும் அழிந்துபோயிருந்தது. நல்ல படம் கெட்டுப்போய்விட்டது. அது எனக்கே தெரிந்தது.

அவர் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். மருமகன் கார் ஸ்டார்ட் பண்ணிவிட்டார். வாசலில் நின்று, என் பக்கம் திரும்பாமல், சப்பாத்துக்குள் காலை நுழைத்தபடியே கேட்டார்.

"சரியா இருக்கா?"

ஒன்று சொல்லாமல் விட எனக்கு வாய் கேட்கவில்லை. "பெரிசாக் கீறிப்போட்டியள். வீட்டை விட்டுப் போகேக்கை அவனுக்கு இவ்வளவு வண்டி இல்லை."

"அன்னிக்கு இவ்வளவு இருந்துச்சு" என்றார். "நான் பாத்தேன். நீங்க பாக்கலை."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். போய்ட்டு வர்றேன் என்றும் சொல்லவில்லை, நானும் போட்டு வாங்கோ என்று சொல்லவில்லை.

கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு இருந்தேன். வீட்டில் இருந்து போனதைவிடப் பெரிய வயிறு. அப்படியென்றால் அங்கே யாரோ அவனுக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். என்ன சோறு, யார் கையால், எத்தனை தரம் கேட்டு வாங்கினான் என்று நான் கேட்கக்கூடியது, அவனை அங்கே கண்ட அவர் ஒருவரிடம்தான். மகள் ஒவ்வொரு ஞாயிறும் சென்னைக்கு வீடியோ கோல் எடுத்து அவரோடு கதைக்கிறாள். போனை என் பக்கம் நீட்டுகிறாள். நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுகிறேன்.